நெருக்கடி வேளையில் தலைவர்களின் பேச்சை எடைபோடுவது எப்படி: திருகோணமலை மக்களுக்கான வழிகாட்டி

புயல், வெள்ளம், தொற்றுநோய், எரிபொருள் தட்டுப்பாடு என்று ஏதாவதொன்று வந்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்துவிடும் நாட்களில், அரசியல் தலைவர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் சொல்லும் ஒரேயொரு வாக்கியத்துக்குச் சாதாரண காலத்தில் இல்லாத பலம் வந்துவிடுகிறது. அதைக் கேட்டுத்தான் நிலாவெளியில் ஒருவர் கடலுக்குப் போவதா, படகைக் கரையேற்றுவதா என்று முடிவெடுக்கிறார். மூதூரில் ஒரு குடும்பம் மாடு கன்றுகளை அவிழ்த்துக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போவதா என்று யோசிக்கிறது. நகரத்தில் ஒருவர் கையிலிருக்கும் சம்பளம் முழுவதையும் அரிசிக்கும் பால்மாவுக்கும் செலவிட்டுவிடுகிறார். அந்த வாக்கியம் மக்களைத் தவறான பக்கம் திருப்புவதாக இருந்தால், அதன் விலையை உயிராலும் உடைமையாலும் கொடுப்பவர்கள் கேட்டவர்களே.

தலைவர்கள் எவரையும் நம்ப வேண்டாம் என்று இங்கே சொல்லப்படவில்லை. எதையுமே நம்பாதவர், உடனே வெளியேறுங்கள் என்ற மெய்யான எச்சரிக்கையையும் சேர்த்துத்தான் தள்ளிவிடுவார். ஒரு பேச்சில் சரிபார்க்கக்கூடியது எது, அதை எங்கே சரிபார்க்கலாம், தெரிந்துகொண்டதை வீட்டாரிடமும் ஊராரிடமும் எப்படிச் சொல்லலாம் என்பவற்றையே இங்கு பார்க்கிறோம்.

நாம் ஏன் எளிதில் நம்பிவிடுகிறோம்

பயம் கூடும்போது, தகவல் குறைவாக இருக்கும்போது, உறுதியாகப் பேசுகிறவரின் பக்கம் மனம் சாய்வது இயல்பு. வைத்தியர் "இன்னும் ஆராய வேண்டியுள்ளது" என்று சொல்வதைவிட, அமைச்சர் "எல்லாம் கட்டுப்பாட்டில் உள்ளது" என்று சொல்வது ஆறுதலாக இருக்கிறது. இதோடு திரும்பத் திரும்பக் கேட்பதன் விளைவும் சேர்ந்துகொள்கிறது. ஒரே கூற்றைப் பலமுறை கேட்டவர்கள் அதை உண்மையென்று மதிப்பிடும் வாய்ப்புக் கூடுகிறது என்பதை உளவியலாளர்கள் 1977இலேயே சோதனை மூலம் காட்டினார்கள். பின்னர் வந்த பல ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தியுள்ளன. காலைச் செய்தியில் ஒருமுறை, முகநூல் காணொளியில் ஒருமுறை, வாட்ஸ்அப் குழுக்கள் நான்கில் நான்கு முறை என்று ஒரே பேச்சைக் கேட்கும்போது, அது ஒரே வாயிலிருந்து வந்தது என்பது மறந்து, ஆறு பேர் தனித்தனியே உறுதிசெய்ததாக மனம் கணக்கிட்டுக்கொள்கிறது.

பின்னர் வரும் மறுப்பு முதலில் கேட்டதை முழுதாக அழித்துவிடுவதில்லை என்பது இன்னும் கவலைக்குரியது. மறுப்பைக் கேட்டு, அதை ஏற்றுக்கொண்ட பிறகும், அடுத்த முடிவை எடுக்கும்போது பலர் பழைய தகவலின் மேலேயே கால்வைக்கிறார்கள். அதனால்தான் முதல் சில மணி நேரத்தில் நாம் எதை நம்பினோம், எதைப் பகிர்ந்தோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

தலைவரின் செயலும் கூற்றுத்தான் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். 2020 டிசம்பரில் கேகாலையைச் சேர்ந்த ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்துத் தயாரித்த பாணி கொவிட் நோயைத் தடுக்கும் என்று சொன்னபோது, அன்றைய சுகாதார அமைச்சர் அதைப் பகிரங்கமாக அருந்தினார். நீண்ட விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. சுகாதாரத்துக்குப் பொறுப்பான அமைச்சரே குடிக்கிறார் என்ற அந்தக் காட்சி போதுமானதாக இருந்தது. கூட்டம் கூடக் கூடாது என்ற விதி நடைமுறையில் இருந்த காலத்திலேயே ஆயிரக்கணக்கானோர் அந்தப் பாணிக்காக ஓரிடத்தில் திரண்டார்கள். அடுத்த மாதமே அமைச்சருக்குத் தொற்று உறுதியானது.

பேச்சின் முழு வடிவத்தைத் தேடுங்கள், பிறகு பிரித்துப் பாருங்கள்

நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் முப்பது வினாடித் துண்டு. கொழும்பில் சிங்களத்தில் பேசப்பட்டது, ஒருவர் தமிழில் சொல்ல, இன்னொருவர் சுருக்க, மூன்றாமவர் தலைப்பு வைக்க, அந்த நிலையில்தான் திருகோணமலையில் கைபேசிக்கு வருகிறது. எனவே எப்போது, எங்கே, எந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொல்லப்பட்டது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பாராளுமன்றத்தில் பேசப்பட்டதாக இருந்தால், அங்கு பேசப்படுவதன் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சாட்டில் சொல்லுக்குச் சொல் இருக்கும். அதைப் பாராளுமன்ற இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். ஜனாதிபதியின் உரையாக இருந்தால் அவரது ஊடகப் பிரிவு மும்மொழியிலும் வெளியிடும் வடிவத்தை வாசியுங்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த அயலவர் ஒருவரிடம் முழுக் காணொளியைக் காட்டிக் கேட்பதும் நம் ஊரில் எளிதாகச் செய்யக்கூடியது.

முழுப் பேச்சு கைக்கு வந்ததும், ஒரு தாளை எடுத்து வாக்கியங்களைப் பிரித்து எழுதுங்கள். நடந்ததைச் சொல்லும் வாக்கியம் ஒரு பக்கம், நடக்கப்போவதாகச் சொல்லும் வாக்குறுதி இன்னொரு பக்கம், அபிப்பிராயமும் பழிபோடுதலும் வேறொரு பக்கம். முதற் பக்கத்தில் இருப்பதை மட்டுமே இன்றைக்குச் சரிபார்க்க முடியும். பல உரைகளில் அந்தப் பக்கம் கிட்டத்தட்ட வெறுமையாகவே இருப்பதைக் காண்பீர்கள்.

முதற் பக்கத்தில் வருவது உண்மையாகவே இருந்தாலும் அது போதாது. மக்களை அதிகம் ஏமாற்றுவது பச்சைப் பொய்யன்று, பாதி உண்மைதான். 2021 டிசம்பர் இறுதியில் நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு 310 கோடி டொலராக உயர்ந்துவிட்டது என்று மத்திய வங்கியின் அன்றைய ஆளுநர் அறிவித்தார். அதற்கு முந்தைய மாத இறுதியில் அது ஏறத்தாழ 160 கோடியாகவே இருந்தது. அரசியலிலிருந்து வந்து அந்தப் பதவியில் அமர்ந்த அவர் சொன்ன எண் பொய்யானதல்ல. ஆனால் கூடியதாகச் சொல்லப்பட்ட தொகை பெரும்பாலும் சீன மத்திய வங்கியுடனான நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டின் கீழ் வந்த யுவான். அதன் பெறுமதி ஏறத்தாழ 150 கோடி டொலர். மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்ற நிபந்தனை இருந்ததால், டீசல் கப்பலுக்கோ மருந்துக்கோ எரிவாயுவுக்கோ அதிலிருந்து கொடுக்க முடியவில்லை.

அந்த அறிவிப்பைக் கேட்டு நிலைமை சீராகிவிட்டது என்று நம்பிய சிறு வியாபாரிகள் எத்தனையோ பேர். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தபோதுதான் அந்த எண்ணின் மெய்யான பொருள் பலருக்கும் தெரிந்தது. ஆகவே, பெரிய எண் ஒன்றைக் கேட்டால் அது எதனால் ஆனது, முந்தைய மாதம் எவ்வளவாக இருந்தது, அதை உடனே செலவிட முடியுமா என்ற மூன்றையும் கேளுங்கள். எரிபொருள் பற்றிய கூற்றானால், நாட்டில் எத்தனை மெற்றிக் தொன் இருக்கிறது என்பதைவிட, அது எத்தனை நாளுக்குப் போதும், அடுத்த கப்பலுக்குப் பணம் செலுத்தப்பட்டுவிட்டதா என்பதே பயன்தரும் கேள்வி. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நாம் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம்.

வாய்ப்பேச்சுக்குப் பின்னால் ஆவணம் இருக்கிறதா

இது எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை என்பது என் உறுதியான எண்ணம். ஒரு தலைவர் சொல்வது மெய்யானால், அதற்கு அரச இயந்திரத்தில் ஒரு தடயம் இருந்தாக வேண்டும். வர்த்தமானி, சுற்றறிக்கை, பிரதேச செயலகத்துக்கு வந்த கடிதம், விடுவிக்கப்பட்ட நிதி, துறைமுகத்துக்கு வந்த கப்பல் என்று ஏதாவதொன்று இருக்கும். தடயம் இல்லாதவரை அது பேச்சு மட்டுமே.

கிண்ணியா, மூதூர், புல்மோட்டை மக்கள் இதை வலியோடு அறிந்தவர்கள். கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களை எரிக்கவே வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வெளியானது. அடக்கம் செய்வதும் எரிப்பதும் இரண்டுமே ஏற்கத்தக்கவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறியிருந்தபோதும், புதைத்தால் நிலத்தடி நீரினூடாகக் கிருமி பரவும் என்ற கூற்று அதிகாரத்தில் இருந்தவர்களாலும் அவர்களைச் சார்ந்தவர்களாலும் மறுபடி மறுபடி சொல்லப்பட்டது. அதற்குச் சான்று முன்வைக்கப்படவில்லை. ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்டதால், அதுவரை முஸ்லிம் அயலவரோடு நல்லுறவில் இருந்த பலரும் தங்கள் கிணறுகளைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினார்கள்.

2021 பெப்ரவரி 10 அன்று, அடக்கம் செய்ய அனுமதிக்கப்படும் என்று அன்றைய பிரதமர் பாராளுமன்றத்தில் சொன்னார். செய்தி உடனே பரவியது. பாகிஸ்தான் பிரதமர்கூட வரவேற்றுப் பதிவிட்டார். ஆனால் வர்த்தமானி மாறவில்லை. நிபுணர் குழுவே தீர்மானிக்க வேண்டும் என்று மறுநாளே அரசாங்கத் தரப்பிலிருந்து விளக்கம் வந்தது. திருத்திய வர்த்தமானி வெளியானது அந்த மாத இறுதியில்தான். மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. இடைப்பட்ட நாட்களில் உறவினரைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்துக்கு, பாராளுமன்றப் பேச்சுக்கும் வர்த்தமானிக்கும் இடையிலான தூரம் எவ்வளவு பெரியது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இதே சோதனையை விவசாயத்திலும் வைத்துப் பார்க்கலாம். 2021 மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, சேதன உரம் தாராளமாகக் கிடைக்கும், விளைச்சல் பற்றிப் பயப்பட வேண்டாம் என்ற உறுதிமொழிகள் மேடைதோறும் கேட்டன. தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ உள்ள விவசாயி அன்று கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்விதான்: பெரும்போகத்துக்கு ஓர் ஏக்கருக்கு எவ்வளவு சேதன உரம், எந்தத் திகதியில், எந்தக் கமநல சேவை நிலையத்துக்கு வரும்? அதற்கு எழுத்தில் பதில் இல்லையென்றால் உறுதிமொழியின் மதிப்பை அவரே கணித்துக்கொள்ளலாம். அந்த நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. நட்டம் விவசாயியின் தலையில் விழுந்தது.

யாருடைய பொறுப்பில் உள்ள விடயம்

அரசியல்வாதிக்கு மழை அளவு தெரியாது. அவருக்கும் யாராவது சொல்லித்தான் தெரியும். ஆகவே அவர் கேட்ட இடத்திலேயே நாமும் கேட்பது நல்லது. மழை, காற்று, கடல் நிலைமை, சுனாமி ஆகியவற்றுக்கு வளிமண்டலவியல் திணைக்களம். ஆற்று மட்டத்துக்கும் பெருங்குளங்களுக்கும் நீர்ப்பாசனத் திணைக்களம். வெளியேற்றத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம். அதன் இலக்கம் 117. உள்ளூரில் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் நோய் விடயத்தில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் இருக்கின்றன.

ஒரு கற்பனை நிலைமையை எடுத்துக்கொள்வோம். இரண்டு நாளாக விடாத மழை. மக்கள் பிரதிநிதி ஒருவர் இரவு எட்டு மணிக்குத் தன் முகநூல் நேரலையில், "குளத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை, யாரும் இடம்பெயரத் தேவையில்லை" என்கிறார். பத்து மணிக்கு இன்னொருவரின் குரல் பதிவு வருகிறது: "கந்தளாய்க் குளக்கட்டு உடைப்பெடுத்துவிட்டது, ஓடுங்கள்!" 1986 ஏப்ரல் 20 அன்று அந்தக் கட்டு உண்மையாகவே உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததால், இரண்டாவது செய்தியை எவரும் இலேசாகத் தள்ளிவிட முடியாது. இப்படிப்பட்ட இரவில் இருவரில் யாரை நம்புவது என்று விவாதித்துக்கொண்டிருக்கக் கூடாது. 117ஐ அழையுங்கள். கிராம உத்தியோகத்தரிடம், வான்கதவுகள் திறக்கப்பட்டுள்ளனவா, எத்தனை, எப்போது என்று கேளுங்கள். மகாவலி வழியாக வரும் நீருக்கு மன்னம்பிட்டி அளவுகோலின் மட்டத்தையும், யான் ஓயாவுக்கு ஹொரவபொத்தானை மட்டத்தையும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அறிக்கையில் பாருங்கள். மன்னம்பிட்டியில் மட்டம் ஏறிக்கொண்டிருந்தால், யார் என்ன சொன்னாலும், வெருகல், மூதூர்ப் பக்கத்துத் தாழ்நிலங்களுக்கு நீர் வரப்போகிறது. பதில் கிடைக்கும்வரை தாழ்நிலத்தில் இருப்பவர்கள் முதியோரையும் குழந்தைகளையும் மேட்டுக்கு அனுப்பிவிடுவதே சரி. தேவையின்றி இடம்பெயர்ந்தால் ஓர் இரவின் தூக்கம் போகும், அவ்வளவுதான்.

கடற்றொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை, "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்பு" என்று பகுதியைப் பெயர் சொல்லிக் காற்றின் வேகத்தையும் தரும். அதில் வெளியீட்டு நேரமும் இருக்கும். தலைவரின் பேச்சில் இந்த மூன்றில் எது இல்லையென்று பாருங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி சூறாவளி நம் மாவட்டத்துக் கரையைத் தாண்டியபோது பயன்பட்டவை இத்தகைய அறிக்கைகளே.

பிழையான எச்சரிக்கை வேறு, ஏமாற்றுப் பேச்சு வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டதும் சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டு, நம் கரையோர மக்கள் உள்நாட்டுப் பக்கம் ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. எச்சரிக்கை அன்றே நீக்கப்பட்டது. கடற்றளம் மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் அலை சிறிதாகவே இருந்தது. அது அந்த நிமிடத்தில் எவருக்கும் தெரிந்திருக்க முடியாது. அந்த எச்சரிக்கையை விடுத்தவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். புதிய சான்று வந்ததும் காரணம் கூறி நிலைப்பாட்டை மாற்றுகிறவரைப் பொய்யர் என்று சொல்வது அநியாயம். காரணமே கூறாமல் மாற்றுகிறவரையும், நேற்றுச் சொன்னதை இன்று சொல்லவேயில்லை என்கிறவரையும்தான் குறித்துவைக்க வேண்டும்.

தலைவர்கள் பேசாமல் இருக்கும்போது

மௌனமும் நம்பிக்கைகளை உருவாக்கும். 2022 மே 9 வன்முறைக்குப் பின் பதவி விலகிய பிரதமர் எங்கே என்பதை அரசாங்கம் உடனே சொல்லவில்லை. திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறார் என்ற பேச்சு கிளம்பி, தளத்தின் முன் மக்கள் கூடினார்கள். இந்தியாவுக்குத் தப்பிவிட்டார்கள் என்ற வேறொரு கதையும் பரவ, அதை இந்திய உயர்ஸ்தானிகராலயம் பகிரங்கமாக மறுக்க வேண்டியிருந்தது. 11ஆம் திகதி பாதுகாப்புச் செயலாளர், அவர் கடற்படைத் தளத்தில் இருப்பதை உறுதிப்படுத்தினார். இரண்டு வதந்திகளில் ஒன்று சரியாகவும் மற்றது பிழையாகவும் இருந்தன. கேட்டுக்கொண்டிருந்த நமக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் ஒலித்தன. அதிகாரபூர்வமான தகவல் இல்லாத நேரத்தில் "இன்னும் உறுதியாகவில்லை" என்று சொல்லப் பழகிக்கொள்வதே வழி.

நம்மவர் பேசும்போது

நாம் வாக்களிக்காத கட்சியின் தலைவர் சொல்வதைச் சந்தேகிக்க எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் இனத்தவர், நம் மதத்தவர், நம் கட்சிக்காரர் சொல்லும்போதுதான் மேலே சொன்ன சோதனைகளை நாம் கைவிட்டுவிடுகிறோம். பிரேசில் ஜனாதிபதி பொல்சொனாரோ 2020 மார்ச்சில் கொவிட்டைச் சிறு காய்ச்சல் என்று தட்டிக்கழித்துப் பேசிய பின், மக்கள் வீட்டில் தங்கியிருந்த அளவு அவருக்கு ஆதரவு அதிகமுள்ள பகுதிகளிலேயே குறைந்தது என்று கைபேசி நடமாட்டத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. தலைவரின் பேச்சால் ஆபத்துக்குள்ளானவர்கள் அவரை நேசித்தவர்களே. தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று மூன்று சமூகமும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நம் மாவட்டத்தில், ஒவ்வொரு சமூகமும் தன் தலைவரின் பேச்சைத் தானே முதலில் சோதித்தால் பல தீங்குகள் தெருமுனையிலேயே நின்றுவிடும். குறிப்பாக, இந்த நெருக்கடிக்கு இன்ன சமூகம்தான் காரணம் என்ற கூற்று எந்த மேடையிலிருந்து வந்தாலும், அதைப் பகிரும் முன் ஒரு முழு நாள் பொறுத்திருங்கள்.

வீட்டிலும் குழுவிலும் திருத்துவது

வாட்ஸ்அப் குழுவில் பெரியவர் ஒருவர் தவறான காணொளியைப் போட்டால், எல்லோர் முன்னிலையிலும் அவரைத் திருத்தப் போகாதீர்கள். தனியே அழைத்து, "ஐயா, நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன், பிரதேச செயலகத்தில் கேட்டபோது வேறு மாதிரிச் சொன்னார்கள், நீங்களே குழுவில் போட்டுவிட்டால் எல்லோரும் கேட்பார்கள்" என்று சொல்லுங்கள். திருத்தம் அவர் வாயாலேயே வந்தால் அதற்கு மதிப்பு அதிகம். பள்ளிவாசல் நிருவாக சபை, கோயில் பரிபாலன சபை, மீனவர் சங்கம், மாதர் சங்கம் ஆகியவற்றின் ஒலிபெருக்கிக்கும் குழுவுக்கும் உள்ள செல்வாக்கை இதற்குப் பயன்படுத்துங்கள்.

எழுதும்போது உண்மையை முதலில் வையுங்கள். தவறான கூற்றை ஒரேயொரு முறை, மறுப்போடு சேர்த்துக் குறிப்பிடுங்கள். தவறு எப்படி வந்தது என்பதையும் சொல்லுங்கள். முன்சொன்ன கற்பனை இரவில், விசாரித்துத் தெரிந்துகொண்ட பின் அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்: "கந்தளாய்க் குளக்கட்டு உறுதியாக உள்ளதாக நீர்ப்பாசனத் திணைக்களம் இரவு 11 மணிக்கு அறிவித்துள்ளது. வான்கதவுகள் திறந்ததால் வந்த நீரைப் பார்த்தே கட்டு உடைந்ததாக ஒருவர் பேசியிருக்கிறார், அது சரியல்ல. ஆனாலும் தாழ்நிலத்தில் இருப்போர் மேட்டுக்குப் போவது நல்லது. அடுத்த அறிவித்தல் வந்ததும் போடுகிறேன்." மூலக் காணொளியைத் திரும்ப இணைக்காதீர்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க் கூற்றுகளைப் பகிர்வதைக் குற்றமாக்கக்கூடியது என்பதால், உறுதியாகாத ஒன்றை மறுக்கும்போதும் ஆதாரத்தையும் நேரத்தையும் குறிப்பிடுவது உங்களுக்கே பாதுகாப்பு.

குறித்துவைப்பதும் எழுதிக் கேட்பதும்

நெருக்கடி தணிந்ததும் பேச்சுகள் மறக்கப்பட்டுவிடும். அடுத்த நெருக்கடியில் அதே வாய்கள் அதே உறுதியோடு பேசும். யார், எந்தத் திகதியில், எங்கே, என்ன சொன்னார் என்பதையும், பின்னர் நடந்ததையும் வாசிகசாலையிலோ சங்கத்திலோ ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். திகதி இல்லாத திரைப்பிடிப்பு பின்னாளில் பயன்படாது.

வாக்குறுதிக்குப் பின்னால் ஆவணம் உண்டா என்று நீங்களே கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் கூறத் தேவையில்லை. பொதுவாக "வெள்ள நிவாரணம் என்னவாயிற்று" என்று கேட்டால் பொதுவான பதிலே வரும். "இன்ன திகதியில் அறிவிக்கப்பட்ட வெள்ள நிவாரணத்துக்காக இந்தப் பிரதேச செயலகத்துக்குக் கிடைத்த நிதி எவ்வளவு, கிடைத்த திகதி எது, அதற்கான சுற்றறிக்கையின் பிரதியைத் தரவும்" என்று எழுதுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். கேட்பவரின் உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் தொடர்புடையதானால் 48 மணித்தியாலத்துக்குள் பதிலளிக்க வேண்டும். மறுத்தால், அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென நியமிக்கப்பட்டுள்ள அலுவலரிடமும், அங்கும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் போகலாம். விண்ணப்பத்தைக் கையளித்ததற்கான எழுத்துமூல ஒப்புதலைக் கேட்டு வாங்கி, கொப்பியில் அந்தப் பேச்சை எழுதிய பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.